கப்பல்காரர்களின் கிடங்கும் அஞ்சலையக்காவின் திடலும்

திங்கட்கிழமையிலிருந்து என் இடத்துக்குப் புதிதாக இரண்டு பேர் வருகிறீர்கள் என்று சொன்னார்கள். யாரென்று தெரியாது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பதிவுக் கருவியை எப்படிப் பிடிப்பது, வரைபடத்தில் எப்படிக் குறிப்பது, பழைய பானை ஓட்டுத்துண்டை எப்படிப் பொட்டலம் கட்டுவது, இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன். பணி ஓய்வு பெறுகிறவர்கள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சை முப்பத்துமூன்று வயதில் பேசுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் அம்மாவும் கேட்டார். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். அப்பா, அம்மா இரண்டு பேருமே வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். தஞ்சாவூரில் வேலை கிடைத்திருக்கிறது, நாகப்பட்டினம் கரையில் போர்த்துகீசியர் இருந்த காலத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுத வேண்டும் என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "எப்பவோ வந்து எப்பவோ போனவன இப்ப தேடுறதுக்கா உனக்குச் சம்பளம்? ஏன், எதாச்சும் எடுத்துட்டுப் போயிட்டானா?"

எடுத்துக்கொண்டுதான் போனார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் வந்து தங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து ஊரைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாடப்புத்தகம் இதைப் போர்த்துகீசிய ஆட்சி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். கோவாவில் அது ஆட்சி. இங்கே அவர்களுக்கு இருந்தது கரையோரம் ஒரு துண்டு ஊர். சுற்றியிருந்த வயலெல்லாம் தஞ்சாவூர் நாயக்கர்களுடையது. நிலத்தில் அவர்கள் குடியிருக்க வந்தவர்கள், கடலில் இறங்கினால் எசமானர்கள். அவர்கள் கொடுத்த அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைக் கண்டால் மடக்கினார்கள், சரக்கைப் பறித்தார்கள். நம் வயல் அரிசி இலங்கைக்கும் மலாக்காவுக்கும் போனது. பஞ்ச காலத்தில் ஒரு படி அரிசிக்குத் தன்னையும் தன் பிள்ளையையும் விற்றவர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், ஏற்றிக்கொண்டு போனவர்கள் எழுதி வைத்த கடிதங்களிலிருந்து. ஏறிப் போனவர்கள் எதையும் எழுதவில்லை. அந்த அரிசியை நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்தவர்கள் யாரென்று அந்தக் கடிதங்களில் ஒரு வரி கிடையாது. கல்லூரி நூலகத்தில் முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் நன்றாக நினைவிருக்கிறது. நட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்பதற்கு எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. எப்படியாவது அவர்களைப் பேச வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல ஆசைதான். கெட்ட ஆசையாக இருந்திருந்தால் நானே கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகூரில் ஒரு பாத்திரக்கடை பாயைப் பார்க்கப் போனேன். அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கப்பல் இருந்ததாகக் கேள்வி. உங்கள் முன்னோர்கள் போர்த்துகீசியரிடம் சீட்டு வாங்கித்தான் கடலுக்குப் போனார்களா என்று கேட்டேன்.

"கப்பல் இருந்துச்சுன்னு வாப்பா சொல்லுவாங்க. சீட்டு வாங்குனாங்களா, வாங்காம போனாங்களா, அது தெரியாது தம்பி."

நான் விடவில்லை. சீட்டு வாங்காமல் போயிருந்தால் பிடித்திருப்பார்களே, வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேசியிருப்பார்களே என்று நாலு விதமாகச் சுற்றி வந்தேன். பாய் ஒரு குடத்தைத் துடைத்து அடுக்கிவிட்டுச் சிரித்தார். "நான் என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிடுங்க தம்பி, அதையே சொல்லிடுறேன். உங்களுக்கும் வேல முடியும், எனக்கும் கடையில ஆள் நிக்கிது."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். உபயோகமில்லை என்று அந்தப் பதிவை பஸ்ஸிலேயே அழித்துவிட்டேன். ஏழு வருடத்தில் நான் எடுத்த பேட்டிகளிலேயே ஒழுங்கானது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாது என்று ஒருவர் சொன்னார், நான் கேட்டதும் அதில் பதிவாகியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாகப்பட்டினத்துக்கு மேற்கே, பழைய ஆற்று வாய்க்கால் ஒன்றின் கரையில் ஒரு திடல் இருக்கிறது. சுற்றிலும் பள்ளக்காடு. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம், மழை பெய்தால் முதலில் முழுகுகிற இடம். திடல் மட்டும் வயலைவிட ஓர் ஆள் உயரம். யார் பட்டாவிலும் இல்லை, புறம்போக்கு. ஓர் ஐப்பசி மாதம் மழை விட்டிருந்தபோது அந்தச் சரிவில் இரண்டு பீங்கான் துண்டுகளைப் பார்த்தேன். வெள்ளையில் நீலக் கோடு. பக்கத்தில் தட்டையான பழைய செங்கல் கொஞ்சம். நம் கரையில் கப்பல் காலத்துப் பீங்கான் அங்கங்கே அகப்படும். ஆனால் இவ்வளவு உள்ளே, வயலுக்கு நடுவில் நான் பார்த்ததில்லை.

திடலின் மேல் களை பறிக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலையக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தெருவில் யார் எந்த வயலுக்கு நடவுக்குப் போவது, அறுப்புக்குப் போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அதுபோக, அவரும் அந்தத் தெருவில் இன்னும் ஐந்தாறு வீடுகளும் திடலை ஒட்டிய கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார்கள்.

"யாருங்க நீங்க? கரண்ட் ஆபீஸா?"

"இல்லக்கா. பழசப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்."

"பழய இரும்பா? பாத்தா படிச்ச ஆளாட்டம் இருக்கீங்க."

"படிச்சவன்தாண்டி இப்ப இரும்பு எடுக்குறான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் அம்மாவும் நடவுக்குப் போகிறவர்தான், வலங்கைமான் பக்கம் என்று சொன்னேன். அஞ்சலையக்காவின் குரல் மாறிவிட்டது. "அப்ப நம்ம புள்ளதான். உக்காரு. சோறு திங்கிறியா?"

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே பதிவுக் கருவியை ஓட விட்டேன். அந்தப் பேச்சு எனக்கு இன்று வரி வரியாகத் தெரியும். எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"இந்தத் திடல் எப்பிடி வந்துச்சுக்கா?"

"மண்ணு தம்பி. மண்ணுதான் கெடக்கு."

"முந்தி இங்க கட்டடம் ஏதாச்சும் இருந்ததா சொல்லுவாங்களா?"

"யாரு சொல்லுவா? இங்க ஆடுதான் மேயும்."

"வெள்ளைக்காரங்க யாராச்சும்? கப்பல்ல வந்தவங்க?"

"கப்பல்லதானே வருவான், டவுன் பஸ்லயா வருவான்?"

மறுபடியும் சிரிப்பு. அந்த இடத்தில் நான் எழுந்து, கை கழுவி, நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். படித்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். பஞ்சம் வந்தது, அரிசிக்காக ஆட்கள் தங்களையே விற்றார்கள், நாகப்பட்டினம் கரையில் கப்பலில் ஏற்றினார்கள், தூர தேசத்துக்குக் கொண்டுபோனார்கள். நன்றாகவே சொன்னேன் போலிருக்கிறது. சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும், "எங்காளுவளாத்தான் இருக்கும். வேற யாரு போவா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டேன். "அப்ப கப்பலுக்குப் போற நெல்ல இங்க கொண்டாந்து கொட்டி வச்சிருப்பாங்களோ?"

அஞ்சலையக்கா என் முகத்தைப் பார்த்தார். "இருக்கும் தம்பி. கப்பல்காரன் நெல்லு இங்கதான் கெடந்திருக்கும். வேற எங்க கொட்டுவான், சுத்தி பள்ளம். நாங்களும் இங்கதானே கொட்டுறோம். மழ வந்தா நாத்தும் இங்கதான், அறுத்த கதிரும் இங்கதான், மாடும் இங்கதான்."

நெல் நனையக் கூடாது என்று தெரிந்த ஒருவர் யோசித்துச் சொன்ன பதில் அது. அதை நான் தலைமுறை தலைமுறையாக வந்த நினைவு என்று எழுதிக்கொண்டேன்.

அப்போது நம் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டியைத் தட்டச்சு செய்யும்போது கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் வைத்துக்கொள்வோம். படிக்கச் சரளமாக இருக்கும், ஊர்க்காரர் தானாக மனம் திறந்து சொன்னதுபோல இருக்கும். அதே வழக்கப்படி என் கேள்விகளை வெட்டினேன். டவுன் பஸ்ஸை வெட்டினேன். மண்ணுதான் கெடக்கு என்பதையும் வெட்டினேன். கடைசியில் வந்த நாற்று, கதிர், மாடு எல்லாவற்றையும் வெட்டினேன், ஏனென்றால் அது இந்தக் காலத்துச் சங்கதி, நமக்கு வேண்டியது அந்தக் காலம். மிஞ்சியது ஒரே வரி: கப்பல்காரன் நெல்லு இங்கதான் கெடந்திருக்கும், வேற எங்க கொட்டுவான். கீழே அஞ்சலையக்காவின் பெயர்.

எங்கள் குழுவை நடத்திய மேடத்துக்கு எதிலும் அவசரம் கிடையாது. இந்த வரியைக் கொண்டுபோன அன்று மட்டும் அவருக்கும் அவசரம். கண்காட்சிக்கான புத்தகம் மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், வாசலில் ஆள் காத்திருந்தார். பீங்கானைப் பார்த்துச் சொல்ல வந்த நிபுணர், இது எப்போது வேண்டுமானாலும், எந்த வண்டி மண்ணோடு வேண்டுமானாலும் வந்திருக்கலாம், இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆக, என் திடல் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு வரியில்தான். மேடம் அதை இரண்டு தரம் படித்தார்.

"இந்தம்மா இத தானா சொன்னாங்களா, நீ கேட்டு சொன்னாங்களா?"

"தானா சொன்னாங்க மேடம்."

ஒரு நொடி யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிக்கவே இல்லை. கேட்டதும் வாயிலிருந்து வந்துவிட்டது. உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். வாசலில் ஆள் நிற்கும், உங்கள் கையில் ஒரு அழகான வரி இருக்கும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் பிரயோசனம் இருக்குமா தெரியவில்லை. எனக்கும் பாய் சொல்லித்தான் அனுப்பினார்.

புத்தகம் வந்தது. செய்தித்தாளில் படத்தோடு போட்டார்கள். போர்த்துகீசியர் காலத்து அரிசிக் கிடங்கு வயலுக்கு நடுவே கண்டுபிடிப்பு. மேலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். புறம்போக்கு என்பதால் யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. சித்திரை வெயிலில் கம்பம் நட்டு, முள்கம்பி வேலி போட்டு, இரும்புக் கதவு வைத்துப் பூட்டி, முன்னால் ஒரு நீலப் பலகை நிறுத்தினார்கள். அறுவடை முடிந்த நேரம், திடலில் ஆடுகூட இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலையக்காவைக் கூப்பிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். தெருவில் எல்லோரும், "அக்கா கப்பல்காரனயே பாத்திருக்கு" என்று கேலி செய்தார்கள்.

புறப்படும்போது என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "அறுப்புக்குத் தொறந்து விட்டுருவாங்கல்ல தம்பி?"

"கண்டிப்பா தொறப்பாங்கக்கா. நான் இருக்கேன்ல."

அந்த வருடம் நாற்றங்காலுக்கு மழை தொந்தரவு தரவில்லை. கீழேயே நாற்று விட்டுச் சமாளித்துக்கொண்டார்கள். தையில் பயிர் பழுத்து நிற்கும்போது, யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. கதிர் முழுக்கத் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. அறுவடை மிஷின் சேற்றில் இறங்காது. வேறு வழியில்லாமல் இடுப்பொடியக் குனிந்து கையாலேயே அறுத்தார்கள். அறுத்த கட்டுகளை வைக்க ஒரு சாண் உலர்ந்த இடம் இல்லை. தார்ச்சாலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. ஈரக் கதிரைக் கட்டோடு மூன்று நாள் விட்டால் நெல் முளைத்துவிடும். நடுவில் வேலிக்குள்ளே திடல் காலியாக இருந்தது.

காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, அஞ்சலை பேசுறேன். அந்தப் பூட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"கேட்டுச் சொல்றேன்க்கா."

"பயலுவ கம்பிய வெட்டுறேன்னு நிக்கிறானுவ. நாந்தான் வேணாம்னேன். கேஸாயிடும், தம்பி நம்ம புள்ள, சொன்னா தொறந்து விட்டுருவாங்கன்னு சொல்லிருக்கேன்."

உடனே வேலி போட்ட துறையின் அதிகாரியிடம் பேசினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பழைய சின்னம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க? அதுமேல கதிரு கொட்டி, மாட்டக் கட்டி, மிதிக்க விட்டா நாளைக்கு உங்காளுங்களே படம் எடுத்துப் போடுவாங்க. நான் எங்க போயி நிக்கிறது? ஒண்ணு பண்ணுங்க. அந்த விவரம் உறுதியில்லன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. இப்பவே ஆள அனுப்பித் தொறக்கச் சொல்லிடுறேன்."

இரண்டு வரி. எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

"மேடத்துகிட்ட கேட்டுட்டு அனுப்புறேன் சார்" என்றேன்.

மேடம் அடுத்த அறையில்தான் இருந்தார். நான் போகவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? தற்காலிக அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். சின்னத்துக்குச் சேதம் வராமல், தார்ப்பாய் விரித்து, குறிப்பிட்ட பகுதியில் மட்டும் என்று நிபந்தனையெல்லாம் போட்டு, இரண்டு பக்கம், மிகவும் பொறுப்பாக எழுதினேன். அனுப்பினேன். மறுநாள் அது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாக விசாரித்தேன். போனை வைக்க நேரமில்லாமல் உழைத்தேன். அந்த உழைப்பெல்லாம் அந்த இரண்டு வரியை எழுதாமல் இருப்பதற்கு.

அஞ்சலையக்கா இன்னும் இரண்டு தரம் பேசினார். இரண்டு தரமும், "ஆயிடும்க்கா, பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். இரண்டாவது தரம் பேசும்போது மழைச் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ ஒரு ஆண், "சும்மா கெடந்தவள படம் புடிச்சுக் கெடுத்துட்டானுவ. நீதானே சொன்ன கப்பல்காரன் நெல்லுன்னு? போயி அவனையே கேளு" என்று கத்துவதும் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவை எடுத்துவரச் சொன்னார். சாப்பாட்டுச் சத்தம், சிரிப்பு, நான் பஞ்சக் கதை சொன்னது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "உன் குரல்தானே அதிகமா கேக்குது" என்றார்.

தாளை எடுத்து, திடலைப் பற்றிய எங்கள் முடிவுக்கு ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று தன் கையாலேயே எழுதினார். நான் கையெழுத்துப் போடக் கையை நீட்டினேன். "கேள்வி இல்லாத பதில அச்சுக்கு அனுப்பினது நான்" என்று தன் பெயரையே போட்டார். அன்றைக்கே நம் வழக்கத்தையும் மாற்றினார். இன்று நீங்கள் கேள்வியையும், இருமலையும், சிரிப்பையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அலுப்பாக இருக்கும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், இதற்குத்தான்.

அதிகாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கடிதம் போன ஒரு மணி நேரத்தில் பூட்டைத் திறந்துவிட்டார்கள். மழையும் அன்று மத்தியானம் நின்றுவிட்டது.

நான் அந்தக் கடிதங்களைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் எழுதியவை. அவர்கள் எழுதாத ஆட்கள் வரலாற்றில் இல்லாமல் போனார்கள் என்று எனக்குக் கோபம். கடலில் அவர்களுடைய தாள் இல்லாத கப்பலை மறித்தார்கள் என்று கோபம். நான் ஒரு தாளை எழுதி ஒரு திடலையே மறித்தேன். அவர்கள் குறைந்தபட்சம் நம்ம புள்ள என்று சொல்லிக்கொண்டு வரவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. திடலுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. கட்டுகளை மேலே கொண்டுவந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் முளைத்துவிட்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, கட்டோடு கட்டு பின்னிக்கொண்டு, பிரித்தால் துணி கிழிகிற மாதிரி சத்தம். முளைத்ததை மாட்டுக்கு ஒரு பக்கமும், ஏதாவது தேறுமா என்று பார்ப்பதற்கு ஒரு பக்கமும் போட்டார்கள். தேறுகிற பக்கம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"போர்டுக்காரரு வந்துட்டாரு" என்றார் ஒரு பெண். "வாங்க, இன்னொரு கத எழுதிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து ஆட்களை வேலைக்குக் கூட்டிப் போவது அந்தப் பெண்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. அஞ்சலையக்கா ஓரமாக உட்கார்ந்து கட்டு பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க சொல்லாதத நான் எழுதிட்டேன். உங்கமேல தப்பில்லன்னு எல்லாருகிட்டயும் சொல்றேன்."

"நாந்தான சொன்னேன்."

"நான் சொல்ல வச்சேன்க்கா."

"அது தெரியாமயா சொன்னேன்? கொட்டி வச்சிருப்பாங்களோ, கொட்டி வச்சிருப்பாங்களோன்னு மொகத்தப் பாத்துக்கிட்டே கெடந்த. ஒரு வார்த்ததான, குடுப்போம்னு குடுத்தேன்." ஒரு கட்டை உதறினார். சேறு தெறித்தது. "கப்பல்ல ஆள ஏத்துனான்னியே, அது?"

"அது நெசம்க்கா. அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

அவர் அடுத்த கட்டைப் பிரித்தார். நானும் ஒரு கட்டை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். தடுக்கவில்லை.

"உங்க ஊர்ல அறுத்தா எங்க போடுவீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு மேடு இருக்குக்கா. அதுலதான்."

"நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். காவலுக்குப் போயிருக்கேன். அம்மாகூட தூத்தியிருக்கேன்."

"மழ வந்தா?"

"ஊரே வந்து நிக்கும்க்கா. தார்ப்பாய் புடிப்போம்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் ஏதாவது இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. மடியிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, "வெயிலு ஏறுது. பஸ்ஸு போயிரும், கெளம்பு" என்றார். எழுந்து அடுத்த கட்டை எடுக்கப் போனார்.

அன்று அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்னும் இந்த வேலையில் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.